பாதுஷா எடைபோட்ட விண்கல்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடம் என்றொரு காட்சிச்சாலை உண்டு. 1955ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு சிறு கத்தி பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு சாண். அலகில் பாரசீக எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. முகலாயர் காலத்துக் கத்திகள் உலகெங்கும் பல உள. அவற்றினும் அழகில் சிறந்தவையும் உள. ஆயினும் இக்கத்திக்கு வேறெதற்கும் இல்லாத ஒரு பெருமை உண்டு. இதன் இரும்பு எந்தச் சுரங்கத்திலும் வெட்டி எடுக்கப்பட்டதன்று; வானத்திலிருந்து வந்து விழுந்தது. அதை விழுந்த இடத்திலிருந்து வரவழைத்து, தம் முன்னிலையில் எடைபோடச் செய்து, உலையில் இடச் செய்து, நடந்தவற்றை நடந்தவாறே எழுதியும் வைத்தவர் ஜஹாங்கீர் பாதுஷா.

விண்கற்களைத் தேடிச் சேர்ப்பதும், கிடைத்த கல் விண்கல்தானா என ஆராய்ந்து தெளிவதும் இன்று உலகின் பல நாடுகளில் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. தபால்தலை சேர்ப்பார் போலவும், பழங்காசு சேர்ப்பார் போலவும் இவர்களும் பேழைகளில் கற்களை அடுக்கி, விழுந்த ஊரையும் நாளையும் எழுதி வைக்கின்றனர். இக்கலையின் வரலாற்றைப் புரட்டினால், அதில் முஸ்லிம் மன்னரும் அறிஞரும் பாலைவனத்து பதுவிகளும் நிற்பதைக் காண்கிறோம். அதைவிட முக்கியமான ஒரு வினாவும் அவ்வரலாற்றின் உள்ளே இருக்கிறது. ஒரு செய்தி நம் காதில் விழும்போது அதை எவ்வாறு ஏற்பது, எவ்வாறு மறுப்பது என்பதே அவ்வினா.

ஜலந்தரில் விழுந்த இடி

கி.பி. 1621, ஹிஜ்ரி 1030. ஏப்ரல் மாதத்து ஒரு காலைப் பொழுது. பஞ்சாபில் ஜலந்தர் பர்கானாவைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், கிழக்குத் திசையிலிருந்து அச்சந்தரும் பேரோசை எழுந்தது. மக்கள் உயிர் போய்விட்டது போல் நடுங்கினர். ஓசையின் நடுவே ஓர் ஒளி வானிலிருந்து இறங்கி நிலத்தில் விழுந்தது. ஓசை அடங்கியதும், அப்பகுதியின் வரி அதிகாரியான ஆமில் முஹம்மது ஸயீதுக்கு ஆள் ஓடியது. அவர் குதிரையேறி நேரில் சென்று பார்த்தார். பத்துப் பன்னிரண்டு கெஜ நீள அகலத்துக்குப் புல்லின் சுவடே இல்லாமல் நிலம் கருகிக் கிடந்தது. தோண்டச் சொன்னார். தோண்டத் தோண்ட வெப்பம் மிகுந்தது. இறுதியில் உலையிலிருந்து அப்போதுதான் எடுத்தது போன்ற ஓர் இரும்புத் துண்டு கிடைத்தது. ஆறியபின் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பையிலிட்டு, முத்திரை வைத்து, அரசவைக்கு அனுப்பினார்.

பாதுஷா அதைத் தம் கண்முன் எடைபோடச் செய்தார். 160 தோலா இருந்தது. இக்காலக் கணக்கில் ஏறத்தாழ 2 கிலோ. பிறகு உஸ்தாத் தாவூது என்னும் கைதேர்ந்த கொல்லரை அழைத்து, அந்த இரும்பில் வாளும் குறுவாளும் கத்தியும் அடிக்கச் சொன்னார். உஸ்தாத் முயன்று பார்த்துவிட்டு, இது சம்மட்டிக்கு நிற்கவில்லை, அடித்தால் உதிர்ந்து போகிறது என்றார். அப்படியானால் வேறு இரும்பைக் கலந்து அடிக்குமாறு ஆணை பிறந்தது. விண்ணிரும்பு மூன்று பங்கும் மண்ணிரும்பு ஒரு பங்கும் சேர்த்து, இரண்டு வாள்களும் ஒரு குறுவாளும் ஒரு கத்தியும் உருவாயின. வாள்களை வளைத்துப் பார்த்தனர். வளைந்து மீண்டும் நேராயின. வெட்டிப் பார்த்தனர், தலைசிறந்த யமன் நாட்டு வாள்களுக்குச் சமமாக வெட்டின. ஒரு வாளுக்கு ‘வெட்டும் வாள்’ என்றும், மற்றதற்கு ‘மின்னல் இயல்பினது’ என்றும் பொருள்படும் பெயர்கள் சூட்டப்பட்டன.

இவையனைத்தும் பாதுஷா தம் கைப்பட எழுதிய ‘துஸுக்கே ஜஹாங்கீரி’ என்னும் தன்வரலாற்றில் காணப்படுவன. ஜஹாங்கீரின் குறைகளை வரலாற்றாசிரியர்கள் மறைக்கவில்லை. மதுவும் அபினியும் அவர் உடலைக் கெடுத்தன. ஆயினும் இயற்கையை நேரில் ஆராய்ந்து பார்க்கும் ஆவல் அவரிடம் இறுதிவரை இருந்தது. இதே 1621ஆம் ஆண்டில்தான் அவருக்கு ஒரு வரிக்குதிரை காணிக்கையாக வந்தது. யாரோ கழுதைக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று அவையில் சிலர் ஐயுற்றனர். நன்கு சோதித்துப் பார்த்த பிறகே, அது படைத்தவன் தீட்டிய வண்ணம் என்று உறுதி செய்துகொண்டார் பாதுஷா. வரிக்குதிரைக்குச் செய்த சோதனையைத்தான் விண்கல்லுக்கும் செய்தார் என்க.

இப்னு ஸீனா சொன்ன செய்தி

ஜஹாங்கீருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, வானிலிருந்து கல்லும் இரும்பும் விழுவதைத் தம் ‘கிதாபுஷ் ஷிஃபா’வில் எழுதினார் அறிஞர் இப்னு ஸீனா. ஜூஸ்ஜான் நாட்டில் பெரியதோர் இரும்புப் பாளம் விழுந்தது. கஸ்னி சுல்தான் மஹ்மூது அதைத் தம்மிடம் அனுப்புமாறு பணித்தார். பளு மிகுதியால் தூக்க முடியவில்லை. உடைக்க முயன்றவர்களின் கருவிகள் தோற்றன. பெரும்பாடு பட்டு ஒரு துண்டை மட்டும் பெயர்த்தனர். அதில் வாள் செய்ய விரும்பினார் சுல்தான். அது எளிதில் கைகூடவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிய தினை போன்ற சிறு உருண்டைகளாக அதன் உட்பகுதி இருந்தது என்றும் அறிஞர் குறிக்கிறார். விழுந்ததைச் சொன்னதோடு நில்லாமல், உட்புறம் எப்படி இருந்தது என்பதையும் கேட்டு எழுதியிருக்கிறாரே, அங்கேதான் அறிஞரின் கண் தெரிகிறது.

படித்தவர்கள் நம்ப மறுத்தனர்

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். 1768ஆம் ஆண்டு பிரான்சில் லூசே என்னும் ஊரில் பகலில் ஒரு கல் விழுந்தது. வயலில் வேலை செய்தவர்கள் கண்ணால் கண்டனர். பாரிஸ் நகர அறிவியல் பேரவை மூவர் குழுவை அமைத்து ஆராயச் செய்தது. நவீன வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் லவாய்சியே அம்மூவரில் ஒருவர். அக்கல் வானிலிருந்து வந்ததன்று, நிலத்தில் கிடந்த கல்லின் மேல் மின்னல் பாய்ந்திருக்கிறது என்று 1772இல் அவர்கள் அறிக்கை தந்தனர். வானில் கற்கள் இல்லை, ஆகவே வானிலிருந்து கற்கள் விழா என்பதே அக்காலப் பேரறிஞர்களின் துணிபு. 1790இல் அந்நாட்டின் தென்பகுதியில் மீண்டும் கற்கள் விழுந்தன. முந்நூறு பேர் கையொப்பமிட்டுச் சான்று அனுப்பினர். கண்ணால் கண்ட அந்த மக்கள் நகைப்புக்கே ஆளாயினர்.

1794இல் கிளாட்னி என்னும் ஜெர்மானிய அறிஞர் துணிந்து ஒரு சிறு நூலை வெளியிட்டார். அவர் எந்தக் கல்லும் விழக் கண்டவரல்லர். நூல்நிலையத்தில் அமர்ந்து, பல நூற்றாண்டுகளில் பல நாட்டினர் எழுதி வைத்த சாட்சியங்களைத் தொகுத்தார். ஒருவரை ஒருவர் அறியாத இத்தனை பேர், இத்தனை நாடுகளில், ஒரே விதமாகப் பொய் சொல்ல இயலாது என்பது அவர் வாதம். நபிமொழிகளை ஆராய்ந்த நம் முன்னோரான முஹத்திஸுகள், பொய்யில் ஒன்றுகூட இயலாத அளவுக்குப் பலர் பல வழிகளில் அறிவித்த செய்தியை ‘முதவாதிர்’ என்று வகுத்ததை இவ்விடத்தில் நினைவுகூரலாம். கிளாட்னி கையாண்டதும் ஏறத்தாழ அதே அளவுகோல்தான்.

வாதத்தை முடித்து வைத்ததில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 1798 டிசம்பரில் காசிக்கு அருகே கிராகுட் என்னும் இடத்தில் கற்கள் விழுந்தன. அவற்றுள் ஒன்று லண்டன் போய்ச் சேர்ந்தது. ஹோவர்டு என்னும் வேதியியலார் அதனையும், இங்கிலாந்தில் 1795இல் விழுந்த கல்லையும், பிற நாட்டுக் கற்களையும் ஒருங்கே சோதித்து, எல்லாவற்றின் இரும்பிலும் நிக்கல் என்னும் உலோகம் கலந்திருப்பதை 1802இல் வெளியிட்டார். மறு ஆண்டு பிரான்சில் லேகிள் என்னும் ஊரில் சுமார் 3,000 கற்கள் மழையெனப் பொழிந்தன. பியோ என்னும் இளம் அறிஞர் ஊர் ஊராகச் சென்று விசாரித்துத் தந்த அறிக்கைக்குப் பின் எதிர்ப்பு அடங்கியது.

அதே 1803ஆம் ஆண்டு, லண்டன் ராயல் கழகத்தின் ஏட்டில், ஜலந்தர் இரும்பைப் பற்றிய ஜஹாங்கீரின் குறிப்பு ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு வெளியாயிற்று. தில்லி பாதுஷா பொழுதுபோக்காய் எழுதிய ஒரு பக்கம், 182 ஆண்டுகள் கழித்து ஐரோப்பிய அறிவியலின் வழக்கு மன்றத்தில் சாட்சியாக ஏறியது!

சாட்சியை நிறுப்பது எப்படி?

பாதுஷாவே எழுதினார் என்பதற்காக ஒவ்வொரு சொல்லையும் ஏற்றுக்கொள்ளலாமா? கூடாது. விண்கல் காற்றுமண்டலத்துள் நுழைகையில் அதன் புறத்தோல் உருகி எரிவது உண்மை. ஆனால் சிறு கற்கள், தரைக்குப் பல கிலோமீட்டர் உயரத்திலேயே தம் வேகத்தை இழந்து, ஒளி அவிந்து, சாதாரணக் கல்லைப் போலத்தான் மீதித் தொலைவைக் கடக்கின்றன. உட்பகுதியோ விண்வெளியின் குளிரைச் சுமந்து வருவது. ஆகவே 2 கிலோ இரும்பு பத்துப் பன்னிரண்டு கெஜ நிலத்தைப் பொசுக்கியது என்பதும், தோண்டத் தோண்டக் கொதித்தது என்பதும் இன்றைய அறிவுக்குப் பொருந்தவில்லை. சொன்னவர் வாயிலோ எழுதியவர் கையிலோ செய்தி சற்றுப் பெருத்திருக்கலாம்.

ஆனால், உஸ்தாத் தாவூதின் சம்மட்டிக்கு இரும்பு நிற்காமல் உதிர்ந்தது என்ற செய்தியைப் பாருங்கள். விண்ணிரும்பில் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த கூறுகள் ஆங்காங்கே கலந்திருக்கும். அவை இருக்கும் இரும்பு காய்ச்சி அடித்தால் நொறுங்கும். இக்காரணம் பாதுஷாவுக்கும் தெரியாது, கொல்லருக்கும் தெரியாது. கதை கட்ட வருபவன், வானத்து இரும்பு வைரம் போல் நின்றது என்றுதான் கட்டுவான். கொல்லர் தோற்றார் என்று கட்டமாட்டான். சொன்னவருக்கே பொருள் விளங்காத, அவர் பெருமைக்கும் உதவாத செய்தி ஒன்று பிற்காலச் சோதனையோடு பொருந்துமானால், அதைவிட வலிய சான்று வேறில்லை.

ஆதின் நகரைத் தேடிச் சென்றவர்

அரபு நாட்டின் தென்கிழக்கே ரப்உல் காலி என்னும் மாபெரும் மணற்பாலை விரிந்து கிடக்கிறது. அங்கே வபார் என்னும் பழம்பதி புதைந்துள்ளது என்றும், ஆது சமூகத்து மன்னன் ஒருவனின் கொடுமையால் வானத்து நெருப்பு இறங்கி அதை அழித்தது என்றும், ஒட்டகம் அளவு இரும்பு ஒன்று அங்கே கிடக்கிறது என்றும் பதுவிகள் வழிவழியாகச் சொல்லி வந்தனர். 1930இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் எனப் பெயர் பெற்ற ஆங்கிலேயர் ஃபில்பி, 1932 பிப்ரவரியில் ஒட்டகக் கூட்டத்தோடு அவ்விடத்தை அடைந்தார். புதைந்த நகரை எதிர்பார்த்துச் சென்றவர், மணலால் பாதி மூடிய பெரும் பள்ளங்களையே கண்டார். மதிலும் இல்லை, மாளிகையும் இல்லை. பள்ளத்தின் விளிம்பெங்கும் கருகிய கண்ணாடிக் கட்டிகளும், பளபளக்கும் சிறு கருமணிகளும் சிதறிக் கிடந்தன. உடன் வந்தவர்கள் அவற்றை ஆது குலப் பெண்டிரின் முத்துகள் என்று மகிழ்ந்து பொறுக்கினர்.

எரிமலை வாயாக இருக்குமோ என்று ஃபில்பி மயங்கினார். நல்வாய்ப்பாக, அங்கே கிடைத்த 11 கிலோ எடையுள்ள ஓர் இரும்புத் துண்டை லண்டனுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் காட்சிச்சாலையில் அதை ஆராய்ந்து, விண்ணிரும்பு என்று உறுதி செய்தனர். வேகம் தணியாமல் வந்து மோதிய பெரும் பாளம் மணலை உருக்கிக் கண்ணாடியாக்கியிருக்கிறது. முத்துகள் என்று பொறுக்கியவை அந்தக் கண்ணாடித் துளிகளே. பெரிய பள்ளத்தின் குறுக்களவு 116 மீட்டர். பதுவிகள் சொன்ன பெரிய இரும்பும் பொய்யன்று. 2 டன்னுக்கு மேற்பட்ட பாளம் ஒன்று 1960களில் அங்கிருந்து மீட்கப்பட்டு, ரியாதுக்குக் கொண்டு வரப்பட்டது.

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். வபார் பள்ளங்களே ஆது சமூகத்தார் அழிந்த இடம் என்று எழுதுவோரும் பேசுவோரும் நம்மிடையே உள்ளனர். ஆனால் ஆது சமூகத்தார் அழிக்கப்பட்டது கடுங்காற்றினால் என்றல்லவா திருக்குர்ஆன் தெளிவாகக் கூறுகிறது? நெருப்பு என்பது பாலைவனத்துக் கதையேயன்றி வேதத்தின் வாக்கன்று. மேலும், அப்பள்ளத்து மணலைச் சோதித்து 2004இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்த மோதல் நிகழ்ந்து சுமார் 300 ஆண்டுகளே ஆகின்றன. வபார் என்னும் பெயரையோ பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மறைந்த யாகூத் தம் ஊர்ப்பெயர் அகராதியில் எழுதியிருக்கிறார். பழங்கதை முன்பே இருந்தது. பள்ளம் பிறகு வந்து அதனோடு சேர்ந்துகொண்டது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

இதனோடு தொடர்புடைய இன்னொன்று. கஅபாவிலுள்ள ஹஜ்ருல் அஸ்வத் ஒரு விண்கல்லே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியர் சிலர் எழுதி வந்தனர். 1980இல் ஓர் ஆய்வாளர், அது வபாரின் கண்ணாடியாக இருக்கலாம் என்று கருத்துரைத்தார். நம்மவர் சிலரும் அதை மகிழ்ச்சியோடு எடுத்தாள்கின்றனர். ஹிஜ்ரி 317இல் கராமித்தாக்கள் அப்புனிதக் கல்லைப் பெயர்த்துச் சென்றதும், பின்னர் அது மீண்டதும் வரலாறு. முந்நூறு ஆண்டுக்கு முன் உண்டான கண்ணாடி ஆயிரம் ஆண்டுக்கு முன் எவ்வாறு களவு போயிருக்கும்? அக்கல்லை எந்த ஆய்வுக்கூடமும் சோதித்ததில்லை; நாம் அதை முத்தமிடுவது அதன் பொருளுக்காகவுமன்று. நீ நன்மையும் தீமையும் செய்ய இயலாத ஒரு கல்லே, நபிகள் நாயகம் (ஸல்) முத்தமிட்டதனால் முத்தமிடுகிறேன் என்ற கருத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) மொழிந்தது போதாதா? அறியாததை அறிந்ததாகச் சொல்லி நம் சமயத்துக்குப் புகழ் சேர்க்க வேண்டிய தேவை நமக்கில்லை.

கல்லைக் கண்டறியும் வழி

விண்கல்லை விரும்பித் தேடுவோர் கைக்கொள்ளும் சோதனைகள் எளியவை. முதலில் பளு. விண்கற்களில் பெரும்பாலானவை அதே அளவுள்ள நிலத்துக் கல்லைவிடக் கனமானவை. அடுத்துக் காந்தம். நூலில் கட்டித் தொங்கவிட்ட காந்தம் அவற்றை நோக்கி இழுபடும். மூன்றாவது தோல். புதிதாக விழுந்த கல்லின் மேல் மெல்லிய கருந்தோல் படர்ந்திருக்கும். பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தியது போன்ற குழிவுகள் காணப்படலாம். நான்காவது அரம். ஒரு மூலையை அராவினால் சாம்பல் நிறத்தின் நடுவே இரும்புப் பொட்டுகள் மின்னும். கல்லின் உள்ளே குமிழித் துளைகள் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் எரிமலைக் கல்லாகவோ, உலையிலிருந்து கொட்டிய கசடாகவோ இருக்கும். ஓட்டின் கண்ணாடிப் பூச்சில்லாத பக்கத்தில் தேய்க்கையில் கருங்கோடு விழுந்தால் காந்தக்கல் என்றும், செங்கோடு விழுந்தால் செந்நிற இரும்புத்தாது என்றும் ஐயுற வேண்டும். இரும்பு விண்கல்லை அறுத்து, மெருகிட்டு, அமிலம் தடவினால் பல வகைகளில் குறுக்கும் நெடுக்குமாக ஓர் அழகிய பின்னல் தோன்றும். 1808இல் வியன்னா நகரில் கண்டறியப்பட்ட இப்பின்னல், பல லட்சம் ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறிய இரும்பிலன்றித் தோன்றாது. மனிதக் கொல்லன் எவனும் அதைப் போலி செய்ய இயலாது. முடிவான தீர்ப்பை நிக்கல் அளவைக் காணும் ஆய்வுக்கூடமே தரும்.

இவ்வளவும் கடந்து தேறிய கற்கள் எத்தகைய செய்திகளைச் சொல்கின்றன தெரியுமா? 1865இல் பீகாரின் ஷேர்காட்டியில் ஒரு கல் விழுந்தது. எடை சுமார் 5 கிலோ. 1911இல் எகிப்தின் நக்லாவில் சுமார் 40 கற்கள் விழுந்தன. இவையெல்லாம் செவ்வாய்க் கோளிலிருந்து பெயர்ந்து வந்தவை என்பது 1980களில் தெளிவாயிற்று. இவற்றின் இனத்தைச் சேர்ந்ததும் அண்டார்டிக்காவில் எடுக்கப்பட்டதுமான ஒரு கல்லில் சிறைப்பட்டிருந்த காற்று, 1976இல் செவ்வாயில் இறங்கிய வைகிங் கலம் அளந்த காற்றோடு ஒத்திருந்தது. நக்லாவில் விழுந்த கல் ஒரு நாயைக் கொன்றது என்று ஒரு விவசாயி சொன்ன கதை உலகமெங்கும் பரவியது. அதற்கு மட்டும் வேறு சான்று இன்றுவரை கிடைக்கவில்லை.

மனிதர் இறந்ததுண்டா? உதுமானியப் பேரரசின் ஆவணங்களில் 1888 ஆகஸ்டு 22ஆம் நாள் சுலைமானிய்யாப் பகுதியில் கற்கள் விழுந்து ஒருவர் இறந்ததாகவும், மற்றொருவர் முடமானதாகவும், அவ்விடத்து அதிகாரிகள் சுல்தான் அப்துல் ஹமீதின் அரசுக்கு எழுதிய கடிதங்கள் 2020இல் வெளிக்கொணரப்பட்டன. விண்கல் மனிதரைக் கொன்றதற்கு எழுத்து வடிவில் கிடைத்துள்ள மிகப் பழைய நம்பகமான சான்று இதுவே என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். கடிதத்தோடு அனுப்பிய கல் எங்கே போயிற்று என்பதுதான் தெரியவில்லை.

நம் வாணியம்பாடிப் பக்கத்திலும் இத்தகைய வழக்கு ஒன்று எழுந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2016 பிப்ரவரி 6ஆம் நாள், நாட்டறம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நேர்ந்து பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்தது என்று அறிவிக்கப்பட்டது. உலகச் செய்தித்தாள்கள் அதையே முழங்கின. படங்களைப் பார்த்த அமெரிக்க விண்வெளி நிறுவன அறிஞர்களோ, இது நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பைப் போலவே தோன்றுகிறது என்று கருத்துரைத்தனர். அங்கே இழந்தது ஓர் உயிர். அந்தக் குடும்பத்துக்கு உரிய மரியாதை, பரபரப்பான செய்தியன்று, சோதித்தறிந்த உண்மையே.

தீயவர் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தெளிவாக விசாரித்தறியுங்கள் என்பது நமக்கு வேதம் இட்டுள்ள கட்டளை. லூசேயின் உழவர்கள் சொன்னதை விசாரித்தும் நம்பாத பேரறிஞர் தவறினர். தாம் நினைத்ததற்கு மாறாகச் சான்று இருக்கக்கூடும் என்று அவர்கள் எண்ணவில்லை. கருமணிகளை முத்தென்று பொறுக்கியவர்களும் தவறினர்; தாம் விரும்பியதையே அவர்கள் கண்டனர். ஜலந்தர் ஆமில் குதிரையேறிச் சென்று பார்த்தார், தோண்டினார், முத்திரையிட்டு அனுப்பினார். பாதுஷா தராசைக் கொண்டுவரச் சொன்னார். கொல்லர் தம் தோல்வியை மறைக்காமல் சொன்னார். அந்த மூவரின் நேர்மையால்தான், நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த ஒரு சாண் கத்தி நம்பத்தக்க சாட்சியாக நிற்கிறது.